பிஎம்ஐ 22, உடல் கொழுப்பு 37: இரண்டில் எதை நம்புவது?

2023 மார்ச் 4

வயது 41, உயரம் 158 சென்டிமீட்டர், எடை 55.5 கிலோ. கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ 22.2. 18.5 முதல் 25 வரை சரியான எடை என்கிறார்கள். நான் நட்டநடுவில் நிற்கிறேன். சின்ன வயதிலிருந்தே "உனக்கென்ன, ஒல்லி" என்று கேட்டு வளர்ந்தவள். போன வருடம் லேசாகச் சறுக்கி விழுந்ததற்கே மணிக்கட்டு எலும்பு முறிந்தது. எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன் எடுத்தார்கள். கூடவே உடல் முழுவதற்குமான கொழுப்புக் கணக்கும் வந்தது: 37.8 சதவீதம். வீட்டில் இருக்கும் எடை மெஷினோ 31.2 என்கிறது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 108, இரத்தத்தில் ஓடும் கொழுப்பான டிரைகிளிசரைடு 190. நான் காட்டிய மருத்துவர் எடையைப் பார்த்தார், உயரத்தைப் பார்த்தார், "எடை சரியாகத்தானே இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்று அந்த அறிக்கையிலேயே அச்சடித்திருக்கிறது.

பிஎம்ஐ ஒன்று சொல்கிறது, டெக்ஸா ஒன்று சொல்கிறது, வீட்டு மெஷின் இன்னொன்று. எதை நம்புவது?

2023 மார்ச் 5

பிஎம்ஐ எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த அடால்ப் கெத்லே 1830களில் கண்டுபிடித்த விகிதம் அது. அவர் மருத்துவர் இல்லை. வானியலும் புள்ளியியலும் அவர் துறை. மனிதக் கூட்டத்தின் சராசரியைத் தேடிக்கொண்டிருந்தவர். வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தோடு சேர்ந்து ஏறுகிறது என்று கவனித்தார். கொழுப்பைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை. 1972-இல் அமெரிக்க உடலியல் ஆய்வாளர் ஆன்செல் கீஸும் அவரோடு இருந்தவர்களும் அதை எடுத்து, தோல்மடிப்பின் தடிமனோடும் உடல் அடர்த்தியோடும் ஒப்பிட்டுப் பார்த்து, பிஎம்ஐ என்று பெயர் வைத்தார்கள். ஐந்து நாடுகள், ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்.

அத்தனை பேரும் ஆண்கள்.

இதைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் உடம்பைப் பற்றி எந்த ஆய்வும் செய்யாத ஓர் எண்ணை வைத்து என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

2023 மார்ச் 9

கோபம் கொஞ்சம் தணிந்து எழுதுகிறேன். "அப்படியானால் பிஎம்ஐ குப்பை, தூக்கிப் போடுங்கள்" என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 2008-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு என்னைத் தடுத்துவிட்டது. 13,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவு; பெண்களும் உண்டு. பெண்களுக்குக் கொழுப்பு 35 சதவீதத்தைத் தாண்டினால் உடல் பருமன் என்று வைத்துக்கொண்டு, பிஎம்ஐ 30 என்ற கோடு அவர்களை எவ்வளவு சரியாகக் கண்டுபிடிக்கிறது என்று பார்த்தார்கள். கொழுப்பு அதிகமில்லாத பெண்களில் 99 சதவீதம் பேரை அந்தக் கோடு சரியாகவே விட்டுவிட்டது. கொழுப்பு அதிகமிருந்த பெண்களில் 49 சதவீதம் பேரைத்தான் பிடித்தது.

அதாவது ஒரு பெண்ணின் பிஎம்ஐ 30-ஐத் தாண்டிவிட்டால், கொழுப்பு அதிகம் என்று அது சொல்வதை அநேகமாக நம்பலாம். தாண்டவில்லை என்பதால் கொழுப்பு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த மருத்துவரிடம் இருந்தது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யும் கருவி. என்னைப் பார்த்தது மறுபக்கத்தால். கருவியைத் திட்டுவதைவிட இதைத் தெரிந்துகொள்வது எனக்கு அதிகம் உதவியது.

2023 மார்ச் 12

முதல் குறிப்பில் ஒரு திருத்தம். என் கொழுப்பு 37.8 இல்லை, 36.4. அறிக்கையில் இரண்டு சதவீதம் இருந்ததை நான் கவனிக்கவில்லை. ஒன்று, எலும்பை ஒதுக்கிவிட்டு மென்திசுவில் மட்டும் கொழுப்பு எவ்வளவு என்பது. இன்னொன்று எலும்பையும் சேர்த்த மொத்த உடலில் எவ்வளவு என்பது. பெரிய எண்தான் கண்ணில் பட்டது, அதையே எழுதிவிட்டேன். மற்ற அட்டவணைகளோடு ஒப்பிட மொத்த உடலுக்கான எண்ணைத்தான் எடுக்க வேண்டும். நீங்களும் உங்கள் அறிக்கையில் எந்த எண் என்று பாருங்கள். ஒன்றரைப் புள்ளி சும்மா கூடிவிடும்.

2023 மார்ச் 19

அக்காவையும் அதே இடத்தில் ஸ்கேன் எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். எங்கள் இருவரில் "பெரியவள்" அவள்தான், உருவத்திலும். 160 சென்டிமீட்டர், 66 கிலோ, பிஎம்ஐ 25.8. போகிற இடமெல்லாம் எடையைக் குறைக்கச் சொல்லி அறிவுரை கேட்கிறவள். ஆறு வருடமாக எடை தூக்கிப் பயிற்சி செய்கிறாள், அது யாருக்கும் பொருட்டில்லை.

அவள் கொழுப்பு 31.1 சதவீதம்.

சதவீதத்தைக் கிலோவாக மாற்றிப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என்னிடம் இருக்கும் கொழுப்பு 20.2 கிலோ. அவளிடம் 20.5 கிலோ. கிட்டத்தட்ட ஒன்றேதான்! கொழுப்பைக் கழித்தபின் மிஞ்சும் தசை, எலும்பு, உறுப்பு, நீர் எல்லாம் சேர்ந்து எனக்கு 35.3 கிலோ, அவளுக்கு 45.5 கிலோ. எங்களுக்குள் இருக்கும் பத்து கிலோ வித்தியாசம் முழுக்க அவளுடைய பலம்.

"நான் அப்பவே சொன்னேனே, நீ கேட்டியா?" என்றாள். இருபது வருடமாக அவளை எல்லாரும் குண்டு என்றபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கிறேன். அன்றைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

2023 மார்ச் 20

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தபோது ஒன்று உறைத்தது. நான் "கொழுப்பு அதிகம்" என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சதவீதம் ஒரு பின்னம். மேலே இருப்பது கொழுப்பு, கீழே இருப்பது மொத்த உடல். என் பின்னத்தில் கோளாறு மேலே மட்டும் இல்லை; கீழே போதுமான உடம்பே இல்லை. இதைத்தான் இனி விடாமல் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன்.

2023 ஏப்ரல் 2

வீட்டு மெஷின் ஏன் 31 காட்டுகிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரு வாரம் உட்கார்ந்து, அதாவது ஏறி நின்று, சோதித்தேன்.

அந்த மெஷின் ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு நமக்குத் தெரியாத அளவுக்குச் சின்ன மின்சாரத்தைச் செலுத்துகிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும். கொழுப்பில் நீர் குறைவு, தடை அதிகம். அந்தத் தடையிலிருந்து உடலில் நீர் எவ்வளவு, அதிலிருந்து கொழுப்பு எவ்வளவு என்று ஊகிக்கிறது. பாதத்திலிருந்து பாதத்துக்குப் போகிற மின்சாரம் பெரும்பாலும் கால்கள் வழியாகவே திரும்பிவிடும். இடுப்புக்கு மேலே இருப்பதை அது நேராகப் பார்ப்பதில்லை.

காலை எழுந்ததும் 32.4. குளித்துவிட்டு ஈரக்காலோடு 30.6. உடற்பயிற்சி முடித்து 29.8. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்னால், உடம்பு நீர் கோத்திருந்த நாளில், எடை ஒன்றேகால் கிலோ கூடியிருந்தும் கொழுப்பு 30.1. இப்படி மாறுவது கொழுப்பு இல்லை, நீர்.

அப்புறம் ஒரு சோதனை செய்தேன். மெஷினின் அமைப்பில் என்னைப் "பெண்" என்பதிலிருந்து "ஆண்" என்று மாற்றிவிட்டு ஏறினேன். 20.8! ஒரே நிமிடத்தில் பத்துப் புள்ளி போய்விட்டது. அப்படியானால் அந்த எண்ணில் பெரும்பங்கு மின்சாரம் அளந்தது இல்லை. நான் உள்ளே கொடுத்த வயது, உயரம், பாலினம் போட்ட கணக்கு.

2023 ஏப்ரல் 3

நேற்றைய சந்தேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். டியூரன்பெர்க் என்பவர் 1991-இல் கொடுத்த பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. பெண்களுக்கு: 1.2 பெருக்கல் பிஎம்ஐ, கூட்டல் 0.23 பெருக்கல் வயது, கழித்தல் 5.4. ஆணாக இருந்தால் இன்னும் 10.8 கழிக்க வேண்டும். என் எண்களைப் போட்டால் 30.7 வருகிறது. மெஷின் சொன்னது 31.2. ஆண் என்று போட்டால் 19.9, மெஷின் சொன்னது 20.8.

என் மெஷினுக்குள் இதே சூத்திரம்தான் இருக்கிறது என்று சொல்லவில்லை. பிஎம்ஐயும் வயதும் தெரிந்தாலே எட்டிவிடக்கூடிய எண்ணுக்குப் பக்கத்தில்தான் அது நிற்கிறது என்கிறேன். பிஎம்ஐயை நம்பாமல் அந்த மெஷினிடம் போனேன். அது பிஎம்ஐயையே வேறு உடுப்பில் திருப்பிக் கொடுத்தது. இந்த வயதில் இந்த உயர எடையில் இருக்கும் சராசரிப் பெண்ணுக்கு எவ்வளவோ, அதுதான் அந்த எண். நான் அந்தச் சராசரியில் இல்லை.

2023 ஏப்ரல் 9

"டெக்ஸா மட்டும் வேதவாக்கா?" நியாயமான கேள்வி. இல்லை. அது இரண்டு வெவ்வேறு ஆற்றலில் எக்ஸ் கதிரைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்பதை வைத்து எலும்பையும் மென்திசுவையும் பிரிக்கிறது. மென்திசுவைக் கொழுப்பு, மற்றது என்று பிரிக்கிறது. எலும்புக்கு மேலே கீழே இருக்கும் மென்திசுவை நேராகப் பிரிக்க முடியாமல் பக்கத்து இடத்தை வைத்து மதிப்பிடுகிறது. வெவ்வேறு நிறுவனத்தின் கருவிகள் ஒரே ஆளுக்கு வெவ்வேறு எண் தருவதுண்டு. அதற்கு முன் பொன்னான அளவை என்று கருதப்பட்டது தண்ணீருக்குள் மூழ்க வைத்து எடை பார்ப்பது. கொழுப்பின் அடர்த்தி 0.9, மற்றதெல்லாம் 1.1 என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது. எலும்பு தேய்ந்த பெண்ணுக்கு அந்த 1.1 பொருந்தாது.

உயிரோடு இருக்கும் மனிதரின் கொழுப்பை நேராக எடுத்துத் தராசில் வைக்க வழியில்லை. எல்லாமே மதிப்பீடுதான். அதனால் நான் கடைப்பிடிப்பது: அதே கருவி, அதே இடம், காலையில், வெறும் வயிற்றில், மாதவிடாய் முடிந்த வாரத்தில். எண் சரியா என்பதைவிட, அடுத்த முறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதைத்தான் அது நன்றாகச் சொல்லும்.

2023 மே 20

"எத்தனை சதவீதம் இருக்கலாம்?" இதற்கு நான் இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், படிக்கப் படிக்கப் பதில் கலைந்துகொண்டே போனது.

உடற்பயிற்சிக் கூடங்களில் பரவலாக ஒட்டியிருக்கும் அமெரிக்க உடற்பயிற்சிக் கவுன்சிலின் அட்டவணை பெண்களுக்கு இப்படிப் போகும்: விளையாட்டு வீராங்கனைகள் 14 முதல் 20, நல்ல உடற்கட்டு 21 முதல் 24, சராசரி 25 முதல் 31, அதற்கு மேல் பருமன். அதில் வயதே கிடையாது. 22 வயதுக்கும் 62 வயதுக்கும் ஒரே கட்டம்.

இன்னொன்று 2000-இல் கல்லகரும் மற்றவர்களும் வெளியிட்டது. பெண்களுக்கு 20 முதல் 39 வயது வரை 21–33, 40 முதல் 59 வரை 23–34, 60 முதல் 79 வரை 24–36. இது என் மனதுக்குப் பொருந்தியது. பிறகு அந்த எல்லைகளை எப்படி எடுத்தார்கள் என்று பார்த்தேன். பிஎம்ஐ 18.5 இருக்கும் பெண்ணுக்குச் சராசரியாக எவ்வளவு கொழுப்பு, 25 இருப்பவளுக்கு எவ்வளவு என்று கணக்கிட்டு, அந்த இரண்டையும் எல்லையாக வைத்திருக்கிறார்கள்! பிஎம்ஐயைத் தாண்டிப் போக நாம் பிடித்த கயிற்றின் மறுமுனை பிஎம்ஐயில்தான் கட்டியிருக்கிறது.

எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு கோடு இதில் இல்லை. ஆகவே "எனக்கு 33, உனக்கு 31" என்று ஒரு புள்ளி இரண்டு புள்ளிக்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். என் 36.4 எந்த அட்டவணையிலும் வெளியே நிற்கிறது, அதோடு இரத்தப் பரிசோதனையும் அதையே சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததால்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

ஆண்களுடைய அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்த்து வருந்துகிறவர்களுக்கு: உயிர் வாழவும் உடல் இயங்கவும் தேவையான அடிப்படைக் கொழுப்பு ஆணுக்கு 3 சதவீதம் அளவு, பெண்ணுக்கு 12 அளவு என்பது பாடப்புத்தகக் கணக்கு. மார்பு, இடுப்பு, தொடை என்று கருவைச் சுமக்கவும் பாலூட்டவும் உடம்பு சேர்த்து வைப்பது அது. அது குறை இல்லை.

2023 ஜூன் 18

மூன்று மாதத்தில் 3.1 கிலோ குறைத்துவிட்டேன். 52.4. சாப்பாட்டைக் குறைத்தேன், தினமும் ஒரு மணி நேரம் நடந்தேன். பிஎம்ஐ 21. உடுப்பெல்லாம் தளர்ந்துவிட்டது. ஆகஸ்டில் ஸ்கேன். 32-க்கு வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 27

ஜூன் 18 குறிப்பைப் படித்துவிட்டு என்னைப் பின்பற்றத் தொடங்கியவர்கள் இருந்தால், தயவுசெய்து நிறுத்துங்கள்.

எடை அதே 52.4. கொழுப்பு 35.3 சதவீதம். 36.4-லிருந்து ஒரே ஒரு புள்ளி. கிலோவில் சொன்னால் கொழுப்பு 20.2-லிருந்து 18.5 ஆகியிருக்கிறது, சரி, 1.7 கிலோ. மீதி 1.4 கிலோ கொழுப்பில்லாத உடம்பிலிருந்து போயிருக்கிறது. 35.3 கிலோ இருந்தது 33.9. ஏற்கெனவே அக்காவைவிடப் பத்து கிலோ குறைவாக வைத்திருந்தேன். அதிலிருந்தும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மணிக்கட்டு முறிந்த பெண்ணுக்கு இதைவிடக் கெடுதலான பேரம் கிடைக்காது.

மார்ச் 20-இல் நானே எழுதியிருக்கிறேன், கோளாறு பின்னத்தின் கீழ்ப்பகுதியில் என்று. எழுதிவிட்டு மேல்பகுதியை மட்டும் குறைக்கப் போனேன். எடை மெஷினில் எண் இறங்கும்போது வரும் அந்தச் சந்தோஷம் யோசிக்கவே விடவில்லை. அழுகை வந்தது. அக்கா போனில், "சரி, நாளைக்குக் காலையில ஆறு மணிக்குக் கிளம்பி நில்லு. நான் வரேன்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

2023 ஆகஸ்ட் 28

வந்தாள். இரண்டு கையிலும் 3 கிலோ டம்பெல் பிடித்து எட்டு முறை உட்கார்ந்து எழுந்தேன். இன்று மாடிப்படி இறங்க முடியவில்லை.

2023 அக்டோபர் 8

இது விஷயத்தை விட்டு விலகிப் போகிறது, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். என் தோழியின் மகள், 19 வயது, நெடுந்தூர ஓட்டக்காரி. மேலே நான் எழுதிய அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நான் 14-க்கு வரணும் ஆன்ட்டி" என்றாள். ஐந்து மாதமாக மாதவிடாய் வரவில்லை. "ஓடுறவங்களுக்கு அப்படித்தான்" என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அப்படி இல்லை. 1974-இல் ரோஸ் ஃபிரிஷ் என்ற ஆய்வாளர், மாதவிடாய் தொடங்க 17 சதவீதக் கொழுப்பும் தொடர்ந்து வர 22 சதவீதமும் வேண்டும் என்று ஒரு கருத்தை வைத்தார். அந்தத் துல்லியமான எல்லைகள் பின்னால் கேள்விக்குள்ளாயின. 18 சதவீதத்தில் ஒழுங்காக வருகிறவர்களும் உண்டு, 25 சதவீதத்தில் நின்றுபோனவர்களும் உண்டு. 1994-இல் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்டது. கொழுப்புத் திசு அதைச் சுரந்துதான் கையிருப்பு எவ்வளவு என்று மூளைக்குச் சேதி அனுப்புகிறது. இன்று விளையாட்டு மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது, பயிற்சிக்குச் செலவானது போக உடம்பின் மற்ற வேலைகளுக்கு எவ்வளவு ஆற்றல் மிஞ்சுகிறது என்பதை. கொழுப்பில்லாத எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால் ஹார்மோன்கள் பின்வாங்கத் தொடங்கும் ஆபத்து என்று கொள்கிறார்கள். மாதவிடாய் நின்றால் ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு சேராது. 19 வயது எலும்பு சேர்க்க வேண்டிய வயது.

அவளை விளையாட்டு மருத்துவரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். மே 20 குறிப்பில் "14 முதல் 20" என்று ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் நான் எழுதியிருக்கக் கூடாது. அது இலக்கு இல்லை. பயிற்சியே வாழ்க்கையாக இருப்பவர்களிடம் காணப்படும் அளவு, அவ்வளவுதான். அவர்களிலும் எல்லாருக்கும் அது நல்லதில்லை.

2023 நவம்பர் 12

"ஸ்கேனுக்கெல்லாம் போக முடியாது, வீட்டிலேயே என்ன செய்யலாம்?"

அளவு நாடா. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்ட பிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல். உடுப்பு கட்டும் இடத்தில் அளந்தால் அது வேறு அளவு. இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-இல் இதைத் தன் வழிகாட்டுதலில் சேர்த்துக்கொண்டது. எனக்குப் பாதி 79. நாடா சொன்னது 82. அக்காவுக்குப் பாதி 80. அவள் இடுப்பு 79. பிஎம்ஐ யாரைச் சரி என்றதோ அவள் கோட்டுக்கு வெளியே, யாரை அதிகம் என்றதோ அவள் உள்ளே.

சதவீதம்தான் வேண்டும் என்றால் 2018-இல் வந்த ஒரு சூத்திரம் இருக்கிறது. பெண்களுக்கு 76 கழித்தல், 20 பெருக்கல் உயரம் வகுத்தல் இடுப்பு. எனக்கு 37.5 வருகிறது. ஆகஸ்ட் ஸ்கேனைவிட இரண்டு புள்ளி அதிகம். ஆனாலும் வீட்டு மெஷினைவிட உண்மைக்குப் பக்கம். எடையே அதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நாடா இவ்வளவு நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பது. தொடையிலும் பின்புறத்திலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் அமைதியாக இருக்கும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றி இருக்கும் கொழுப்பிலிருந்து கொழுப்பமிலங்கள் நேரே கல்லீரலுக்குப் போகின்றன. சர்க்கரையும் டிரைகிளிசரைடும் ஏற அது ஒரு வழி. ஒரே 33 சதவீதம், ஒரு பெண்ணுக்குத் தொடையில், இன்னொருத்திக்கு வயிற்றில். இரண்டும் ஒன்றில்லை. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது கொழுப்பு சேரும் இடம் வயிற்றுப் பக்கம் நகர்கிறது. எடை ஒரு கிலோகூட ஏறாமல் இது நடக்கலாம்.

2023 நவம்பர் 13

ஒருவர் நினைவூட்டிய நல்ல உதாரணம். 2004-இல் லான்செட் இதழில் யாஜ்னிக், யட்கின் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் படத்தையே பக்கத்துப் பக்கத்தில் வெளியிட்டார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் ஐரோப்பிய வம்சத்தவர். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஆண்கள்தான், ஆனால் கதை எங்கள் வீட்டுக் கதை. அதே 2004-இல் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் தேவை என்று கூடுதல் கோடு ஒன்றைப் பரிந்துரைத்தது. என் 22.2 அதற்கும் கீழே நழுவிவிடுகிறது.

2024 ஜனவரி 21

அம்மாவைப் பற்றி. வயது 69. "முப்பது வருஷமா அதே 55 கிலோ" என்று சொல்வதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. போன மாதம் பார்த்தபோது தரையிலிருந்து எழ என் தோளைப் பிடித்தார். புட்டி மூடியைத் திறக்க என்னிடம் நீட்டினார்.

உயரம் அளந்தேன். 155 இருந்தவர் 151 ஆகியிருக்கிறார். முதுகெலும்பு அமுங்கிக் குறைந்த நான்கு சென்டிமீட்டர். எடை மாறாமலே பிஎம்ஐ 22.9-லிருந்து 24.1 ஆகிவிட்டது. இந்த முப்பது வருடத்தில் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, அந்த இடத்தைக் கொழுப்பு நிரப்பியிருக்கிறது. தராசு ஒரு சத்தமும் போடவில்லை. வயதோடு தசை இழப்பதற்கு சார்கோபீனியா என்று 1989-இல்தான் பெயர் வைத்தார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பின் மேல் குறுக்கே வைத்து, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது என்று எண்ணும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. அம்மா வயதுப் பெண்களுக்கு 11-க்குக் குறைந்தால் விழும் ஆபத்து என்று கொள்கிறார்கள். கையை ஊன்றினால் கணக்கில் சேராது. அம்மாவால் கை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியவில்லை. சிரித்துக்கொண்டே "விடு, வயசாயிடுச்சு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நாற்காலியில் 28 வருடம் கழித்து உட்காரப் போகிறவள் நான்.

அம்மாவின் கொழுப்பு சதவீதம் எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லை. தேவைப்படவில்லை.

2024 ஜூன் 16

பத்து மாதம், வாரம் இரண்டு நாள் அக்காவோடு எடைப் பயிற்சி. 3 கிலோவில் தொடங்கிய டம்பெல் இப்போது 10. புரதத்தை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 1.3 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தேன்; முன்பு அதில் பாதிகூட இல்லை.

எடை 54.8. பிஎம்ஐ 21.95. தொடங்கிய நாளிலிருந்து பிஎம்ஐ கால் புள்ளிதான் நகர்ந்திருக்கிறது. கொழுப்பு 17.9 கிலோ, 32.7 சதவீதம். கொழுப்பில்லாத எடை 36.9, போன ஆகஸ்டைவிட மூன்று கிலோ கூடுதல். அதில் தசைக்குள் சேரும் நீரும் அடக்கம் என்று தெரியும், முழுக்கத் தசை என்று சொல்ல மாட்டேன். இடுப்பு 78.5. வெறும் வயிற்றில் சர்க்கரை 97, டிரைகிளிசரைடு 142.

ஆகஸ்டிலிருந்து எடை 2.4 கிலோ ஏறியிருக்கிறது. மெஷினை மட்டும் நம்பியிருந்தால் இந்தப் பத்து மாதமும் தோல்வி என்று நினைத்துக் கைவிட்டிருப்பேன்.

2024 ஜூன் 17

"கொழுப்பைவிடத் தசை கனமானது, அதனால்தான் எடை ஏறியது" என்று எழுதியவருக்கு: ஒரு கிலோ ஒரு கிலோதான். தசையின் அடர்த்தி 1.06 அளவு, கொழுப்பு 0.9. அதே எடைக்குத் தசை கொஞ்சம் குறைவான இடம் பிடிக்கும். என் எடை ஏறியதற்குக் காரணம், இழந்த கொழுப்பைவிட அதிகமாக மற்றது சேர்ந்தது.

2025 பிப்ரவரி 2

போன மாதம் லான்செட் நீரிழிவு இதழில் சர்வதேச ஆணையம் ஒன்றின் அறிக்கை வந்திருக்கிறது. பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் என்று முடிவுகட்டக் கூடாது. இடுப்புச் சுற்றளவு, இடுப்பு-உயர விகிதம் போன்ற இன்னொரு அளவையோ, நேரடிக் கொழுப்பு அளவீட்டையோ சேர்த்து உறுதிசெய்ய வேண்டும் என்கிறார்கள். உறுப்புகள் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் தனியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். 2023-லேயே அமெரிக்க மருத்துவச் சங்கமும் பிஎம்ஐயைத் தனியாக நம்பாமல் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருந்தது.

நல்லது. ஆனால் என் கவலை பாதிதான் தீர்ந்தது. இந்த முயற்சி பெரும்பாலும் பிஎம்ஐ அதிகமாக இருப்பவர்களைச் சரிபார்ப்பதற்கு. என்னைப் போல பிஎம்ஐ 22-இல் இருப்பவளை யார் அளவு நாடாவோடு கூப்பிடப் போகிறார்கள்? அதை நாமே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மருத்துவர் எடையைப் பார்த்து "சரி" என்றால், "இடுப்பையும் ஒரு தடவை அளந்து பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். நான் இப்போது கேட்கிறேன். புதிதாகப் பார்க்கும் மருத்துவர் முகம் சுளிக்காமல் நாடாவை எடுத்தார்.

2025 ஆகஸ்ட் 10

அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். ஒன்றரை வருடமாக வாரத்தில் மூன்று நாள், முதலில் நாற்காலியில் மூன்று தலையணை அடுக்கி உயரமாக்கி, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. மே மாதம் தலையணை இல்லாமல். எடை இன்னும் 55தான்.

இன்று காலை கைகளைக் குறுக்கே வைத்து, 30 நொடியில் 8 முறை எழுந்தார். அம்மாவின் இப்போதைய வயதுக்கு 10 வேண்டும். நான் கடிகாரத்தை நிறுத்தியதும் "இன்னும் ரெண்டுதானே, மறுபடி வை" என்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் மூச்சு வாங்கட்டும் என்று சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.